தொடரட்டும் என்று பேசப் போகிறவர்களுக்கு

காரைக்குடிச் செக்காலையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் மேடைப்பேச்சு பழக, தேர்தல் வேலை பழக என்று என்னைத் தேடி வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பதவியில் இருக்கும் தலைவரையே மறுபடி தேர்ந்தெடுக்கலாமா என்பது எப்போதும் வரும் தலைப்பு. ஊராட்சித் தலைவர் தேர்தலானாலும் சரி, நாட்டின் குடியரசுத் தலைவர் தேர்தலானாலும் சரி, 'கூடாது' என்று பேசுகிறவருக்குப் பாதி வேலை முன்பே முடிந்திருக்கும். மாற்றம் என்று சொன்னதும் கைதட்டல் விழுந்துவிடும். 'தொடரட்டும்' என்பவர்தான் சாட்சியோடு மேடை ஏற வேண்டும். நான் அந்தப் பக்கத்து ஆள். அதனால் அந்தப் பக்கம் பேச வருகிறவர்களுக்கு மட்டும் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. பழமைவாதி என்று யாராவது உங்களைச் சொன்னால் கூனிக் குறுகாதீர்கள். இந்த ஊருக்கு அது புதிதல்ல. 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன் 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் குதித்தவர். அவரே பின்னாளில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியில் சேர்ந்து, 1962-இல் இந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானார். வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற அதே மனிதர், எல்லாவற்றையும் அரசாங்கமே கையில் எடுத்துக்கொள்ளும் போக்கையும் எதிர்த்தார். இருப்பதில் நல்லது எது என்று பார்த்து அதைக் காப்பாற்ற நினைப்பது கோழைத்தனம் அல்ல.

2. ஆளைப் புகழ வேண்டாம். அவர் எதைக் காப்பாற்றினார் என்று காட்டுங்கள். புதிதாகக் கட்டியதற்குக் கல்வெட்டு இருக்கிறது, திறப்பு விழாப் படம் இருக்கிறது. பழையது கெடாமல் இருப்பதற்கு ஒன்றும் இருக்காது. அதை நீங்கள்தான் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஓர் ஊராட்சித் தலைவர் மறுபடி நிற்கிறார் என்று வையுங்கள். ஆடி மாதத்தில், மழைக்கு முன்னால், ஊரணிக்குப் போங்கள். தண்ணீரைப் பார்க்காதீர்கள், அது வானத்தின் கையில் இருக்கிறது. வரத்துக்காலில் இறங்கி நடந்து பாருங்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்திருக்கிறார்களா, மேலாக வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்களா? சாலை குறுக்கிடும் இடத்தில் குழாய்ப் பாலத்தின் வாய் திறந்திருக்கிறதா, மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடக்கிறதா? படித்துறையில் பெயர்ந்த கல்லைத் திரும்பப் பதித்திருக்கிறார்களா? அப்படியே மேல்நிலைத் தொட்டிக்கு வாருங்கள். தொட்டி கழுவிய தேதியும் அடுத்துக் கழுவ வேண்டிய தேதியும் தூணில் பெயிண்டில் எழுதியிருக்கும். அந்தத் தேதி போன மாதத்தைச் சேர்ந்ததா, போன வருடத்தைச் சேர்ந்ததா? பிறகு கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களில் ஒரே கோரிக்கை வருடக்கணக்காகத் திரும்பத் திரும்ப வருகிறதா, ஒரு முறை வந்து அத்தோடு நின்றிருக்கிறதா? வராமல் நின்ற கோரிக்கைதான் உங்கள் வேட்பாளரின் வேலை. மேடையில் அதைச் சொல்லுங்கள்.

இந்தச் சோதனையில் உங்கள் ஆள் தேறவில்லை என்றால் அவருக்காகப் பேசாதீர்கள். காப்பாற்றாதவரைத் தொடரச் சொல்வது சோம்பலுக்கு ஓட்டுக் கேட்பது. என் கட்சிக்காரர்கள் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு இதில் சந்தேகமே கிடையாது.

3. நாட்டு அளவில் பேசுவதானால் 1957-ஐ நன்றாகப் படியுங்கள். இந்தியாவில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ராஜேந்திர பிரசாத் ஒருவர்தான். 1950 ஜனவரி 26 முதல் 1962 மே 13 வரை பதவியில் இருந்தார். 1957-இல் அவர் மறுபடி நிற்பதில் நேருவுக்கு விருப்பமில்லை. நம் ராதாகிருஷ்ணனைக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் எண்ணம். காங்கிரசில் பெரும்பாலோர் பிரசாத்தே தொடரட்டும் என்றார்கள். வாக்கு மதிப்பில் அவருக்கு 4,59,698 கிடைத்தது, எதிர்த்து நின்ற இருவருக்கும் சேர்த்து ஐந்தாயிரம்கூட வரவில்லை. அதற்கும் முன்னால், 1950-இலும் நேரு ராஜாஜியை விரும்ப, படேலும் கட்சியும் பிரசாத் பக்கம் நின்றார்கள். தமிழ்நாட்டுக்காரனாக எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் 1957-இல் அவரைத் தொடரவிட்டது சரிதான் என்று சொல்வேன்.

காரணம் கேளுங்கள். பிரசாத் பழமைவாதி. பிரதமரின் விருப்பத்துக்கு மாறாக 1951 மே மாதம் சோமநாதர் கோயில் விழாவுக்குப் போனார். அதே ஆண்டு இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை எதிர்த்து, ஒப்புதல் தர மறுக்கவும் கூடும் என்கிற அளவுக்கு நேருவுக்கு எழுதினார். பொதுத் தேர்தல் நடந்து, மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் 1955-இல் இந்து திருமணச் சட்டத்தையும் 1956-இல் வாரிசுரிமைச் சட்டத்தையும் நிறைவேற்றியபோது கையெழுத்துப் போட்டார். அவர் அன்று போடாமல் இருந்திருந்தால், புதிதாகப் பிறந்த குடியரசில் அரண்மனைக்கும் மன்றத்துக்கும் சண்டை என்பதே வழக்கமாகியிருக்கும். தன் கருத்தை மறைக்காமல் சொல்லிவிட்டு, பிறகு தன் பதவியின் எல்லைக்குள் நின்றார். அப்படிப்பட்டவர் மறுபடி நிற்கும்போது, நாம் ஓட்டுப் போடுவது அந்த எல்லைக்கு. பெண்களுக்குச் சொத்துரிமை தந்த சட்டத்தில் அவர் எண்ணம் தவறு, சட்டம் சரி என்பது என் கருத்து. அதையும் மேடையில் சொல்லத் தயங்காதீர்கள்.

4. குறையை எதிராளி எடுப்பதற்கு முன் நீங்களே எடுத்து வையுங்கள்.

5. கலாம் பற்றிப் பேசாமல் நம் பக்கத்தில் யாரும் இந்தத் தலைப்பை முடிக்க முடியாது. ராமேஸ்வரத்துப் பிள்ளை. 2002-இல் வாஜ்பாய் அரசு முன்மொழிய, காங்கிரசும் ஆதரிக்க, கேப்டன் லட்சுமியை எதிர்த்து வென்றவர். 2007-இல் அவரே தொடர வேண்டும் என்று ஜெயலலிதா, சந்திரபாபு நாயுடு, முலாயம் சிங் முதலானோர் சேர்ந்த மூன்றாவது அணி கேட்டது. பள்ளிக்கூடங்களில் ஓட்டு நடத்தியிருந்தால் அவர் ஒருவரே நின்றிருப்பார். ஆனால் ஓட்டு நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் கையில் இருந்தது. காங்கிரசும் இடதுசாரிகளும் தி.மு.க.வும் பிரதிபா பாட்டீலை நிறுத்தின. வெற்றி உறுதி என்றால் நிற்கிறேன் என்றார் கலாம். அது உறுதியில்லை என்று தெரிந்ததும், குடியரசுத் தலைவர் மாளிகையை அரசியல் இழுபறிக்குள் கொண்டுவர விரும்பாமல் ஜூன் 22-இல் விலகிக்கொண்டார்.

இளைஞர்கள் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். ராக்கெட், எளிமை, குழந்தைகள் என்று பேசிக் கண்ணீர் வரவழைத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அதெல்லாம் உண்மை, ஆனால் வாதம் ஆகாது. வாதம் 2006 மே மாதத்தில் இருக்கிறது. ஆதாயம் தரும் பதவி பற்றிய மசோதா இரு அவைகளிலும் நிறைவேறி அவரிடம் வந்தது. மறுபரிசீலனை செய்யுங்கள் என்று திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மாற்றாமல் மறுபடி அனுப்பியது, கையெழுத்திட்டார். பிரசாத் செய்தது போலவே இவரும் ஒரு முறை தடுத்துப் பார்த்தார், பிறகு விதிக்குக் கட்டுப்பட்டார்.

அவர் குறையையும் சொல்லுங்கள். 2005 மே மாதம் பீகார் சட்டமன்றக் கலைப்புக்கு மாஸ்கோவில் இருந்தபடி கையெழுத்திட்டார். அது அரசியல் சட்டத்துக்குப் புறம்பானது என்று உச்ச நீதிமன்றம் பின்னர் சொன்னது. அப்போது பதவி விலகவே நினைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். தன் தவறு இவ்வளவு உறுத்திய மனிதருக்கு இன்னும் ஐந்து ஆண்டு கொடுத்திருக்கலாம் என்று பேசுங்கள். அவையில் மறுப்பவர்கள்கூடக் காது கொடுப்பார்கள்.

6. இலங்கையைப் பார்க்காமல் இருக்காதீர்கள். கொழும்புச் செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம். அங்கே நடப்பது நமக்கு அடுத்த வீட்டுச் சங்கதி. 2022-இல் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் மைல் கணக்கில் வரிசை. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டே ஓடினார். அவர் இடத்துக்கு ரணில் விக்கிரமசிங்கவை நாடாளுமன்றம் 134 ஓட்டில் தேர்ந்தெடுத்தது. 70 சதவீதத்தைத் தொட்ட விலைவாசி ஏற்றம் ஓராண்டுக்குள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. சர்வதேச நாணய நிதியத்தின் கடன் வந்தது, வரிசைகள் மறைந்தன. 2024 செப்டம்பரில், நடுவழியில் ஆளை மாற்றாதீர்கள் என்று சொல்லி மக்களிடம் போனார். பழமைவாதி ஒருவர் எடுத்து வைக்கக்கூடிய மிகச் சரியான வாதம் அது. கிடைத்ததோ சுமார் 17 சதவீதம், மூன்றாம் இடம்.

ஏன்? மதிப்புக் கூட்டு வரி 18 சதவீதம் ஆயிற்று, மின்கட்டணம் ஏறியது. ஊரை நிலைநிறுத்திய செலவைக் கூலிக்காரர் கட்டினார், ஊரை மூழ்கடித்தவர்கள் கட்டவில்லை என்று மக்கள் கண்டார்கள். நிலைத்தன்மை என்ற சொல்லை எடுக்கும்போதெல்லாம் அதற்கு யார் விலை கொடுத்தது என்றும் சொல்லுங்கள். அந்தக் கணக்கு நியாயமாக இல்லை என்றால் உங்கள் பேச்சு பசித்தவன் காதில் ஏறாது, ஏறவும் கூடாது.

7. ஆளுக்காக விதியை வளைக்கச் சொல்லி ஒருபோதும் பேசாதீர்கள். இதில் நான் மிகவும் பிடிவாதக்காரன். இலங்கையில் ஜனாதிபதிக்கு இரண்டு முறைதான் என்றிருந்த வரம்பை 2010-இல் 18-ஆம் திருத்தத்தால் நீக்கினார் மகிந்த ராஜபக்ச. மூன்றாம் முறை நின்று 2015 ஜனவரி 8-இல் தோற்றார். அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்ற பிறகு, 1951-இல் இரண்டு முறை என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நம் அரசியல் சட்டத்தின் முதல் வரைவில், குடியரசுத் தலைவர் மறுபடி நிற்கலாம், ஆனால் ஒரு முறை மட்டும் என்று இருந்தது. இறுதியில் 57-ஆம் பிரிவில் அந்த வரம்பு இல்லை. பிரசாத்துக்குப் பிறகு எவரும் இரண்டாம் முறை வரவில்லை, வரம்பு இல்லாமலே வழக்கம் காவல் காக்கிறது.

ஊராட்சியிலும் இதேதான். இடஒதுக்கீட்டுச் சுழற்சியில் தலைவர் பதவி பெண்களுக்கோ பட்டியல் சாதியினருக்கோ போனால், நன்றாக வேலை செய்தவர்கூட நிற்க முடியாமல் போகும். முணுமுணுக்காதீர்கள். வீட்டுப் பெண்ணைப் பெயருக்கு நிறுத்திவிட்டுப் பின்னால் உட்கார்ந்து கையெழுத்து வாங்கும் வேலைக்குத் துணை போகாதீர்கள். ஒழுங்கைப் பேணுகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒழுங்கின் முதுகில் குத்துவது அது.

8. பயமுறுத்தி ஓட்டுக் கேட்க வேண்டாம். 'அவர் வந்தால் ஊரே அழிந்துவிடும்' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அவர் வந்து ஊர் அழியாதபோது உங்கள் அடுத்த பேச்சுக்கு ஆள் இருக்காது.

9. வீடு வீடாகப் போகும்போது, துண்டறிக்கையை நீட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஐந்து வருடத்தில் எது நின்றுபோய்விடக் கூடாது? குடிநீர் வரும் நேரம் என்பார் ஒருவர், நூறு நாள் வேலைச் சம்பளம் என்பார் இன்னொருவர். தெருவிளக்கை எரிந்துபோன மறுநாளே மாற்றுகிறார்கள் என்பார் இரவுப் பணிக்குப் போகிற பெண். 'ஒன்றுமில்லை' என்பவரிடம் சற்று நேரம் நில்லுங்கள். அவர் சொல்வது முழுவதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மாலையில் தலைவரிடம் அப்படியே வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது அவர் எரிச்சல்பட்டால், அவருக்காக இனிப் பேசலாமா என்று யோசியுங்கள்.

10. உங்கள் ஆள் தோற்கலாம். தோற்றால், எண்ணிக்கை முடிந்த மறுநாளே அந்த நோட்டுடன் வென்றவரைப் போய்ப் பாருங்கள். வரத்துக்கால் எதுவரை வெட்டியாயிற்று, எந்த மோட்டாருக்கு வாரண்டி எப்போது முடிகிறது, எந்தக் கோரிக்கை கலெக்டர் அலுவலகத்தில் எந்த மேசையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுங்கள். பழைய தலைவரையும் முடிந்தால் கூடவே அழைத்துப் போங்கள்.