குளத்து விராலும் கிலுக்கு இரையும்

தென்காசி வட்டாரத்துக் குளங்களில் பிடிபடும் மீன்களுள், உயிரோடு கொண்டுபோனால் நல்ல விலைக்குப் போவது விராலே என்பதைக் குளத்தங்கரைக் கிராமத்தார் யாவரும் அறிவர். செவுளோடு கூடத் தலையினுள் காற்றைச் சுவாசிப்பதற்கான அறையும் அதற்கு அமைந்திருக்கிறது. ஆகையால் நீரைவிட்டு எடுத்த பின்னும் ஈரச்சாக்கில் நெடுநேரம் உயிரோடிருக்கும். கோடையில் குளம் வற்றும்போது சேற்றினுள் புகுந்து புதுத்தண்ணீருக்குக் காத்திருக்கும்.

இம்மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது புதிதன்று. மூங்கிற் கழியில் நூல் கட்டி, முள்ளில் உயிருள்ள தவளையைக் கோத்து, ஆம்பல் இலைகளின் ஓரத்தில் தத்தவிடுவது பழைய வழக்கம். சென்னை மாகாண சிவில் உத்தியோகத்திலிருந்த எச். எஸ். தாமஸ் என்னும் ஆங்கிலேயர், இந்தியக் குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றித் தனி நூலொன்றையே 1887-ல் வெளியிட்டார். இக்காலத்திலோ, சுருள் பொருத்திய கோலும், மீனைப்போலவும் தவளையைப்போலவும் செய்த பிளாஸ்டிக் இரைகளும் கொண்டு இளைஞர்கள் குளக்கரைக்கு வருகின்றனர். குளத்தின் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரும், கிராம அதிகாரிகளும், கரையோர நிலச்சொந்தக்காரரும் இக்கருவிகளின் குணத்தை அறிந்தாலன்றி, அவற்றால் வரும் ஆதாயத்தையும் சேதத்தையும் பிரித்தறிய இயலாது. இவ்விரைகளுள் ஒன்று இங்கே விவரிக்கப்படுகிறது.

கடைகளில் இதற்கு லிப்லெஸ் கிராங்க்பெய்ட் என்று பெயர். சாதாரணச் செயற்கை மீனுக்கு முகத்தின் கீழே கரண்டி போன்ற ஒரு தகடு உண்டு. இழுக்கும்போது அத்தகடு தண்ணீரைத் தள்ளி மீனைக் கீழே அழுத்தும். இதற்கு அத்தகடு இல்லை. தட்டையான உடலும், முதுகின்மேல் நரம்பு கட்டும் வளையமும், வயிற்றிலும் வாலிலும் மும்முனை முள் ஒவ்வொன்றும் இருக்கும். உடலினுள் சிறு குண்டுகள் அடைக்கப்பட்டிருப்பதால் குழந்தையின் கிலுகிலுப்பையைப் போல் ஒலிக்கும். ஆகவே இங்கு இதைக் கிலுக்கு இரை என்றே குறிப்பிடுவோம். அமெரிக்காவில் பிளாக் பாஸ் என்னும் மீனைப் பிடிப்பதற்கென்று உண்டான கருவி இது. 1960-களில் பில் லூயிஸ் என்பவர் செய்து விற்ற ராட்-எல்-டிராப் என்னும் இரையால் பெரிதும் பரவிற்று. பாஸ் மீன் நம் குளத்து மீனன்று. ஆயினும் களையோரத்தில் பதுங்கியிருந்து, அருகே வருவதைப் பாய்ந்து கவ்வும் குணத்தில் அதுவும் விராலும் ஒன்றே. மலேசியாவிலும் தாய்லாந்திலும் தோமான் எனப்படும் பெரிய விராலினத்தையும் இவ்வகை இரைகளால் பிடிக்கின்றனர்.

கிலுக்கு இரையை இழுக்கும்போது அது மிக நெருக்கமாகத் துடிக்கிறது. மீனின் விலாவில் செவுள் முதல் வால் வரை ஓடும் கோட்டில், தண்ணீரின் அசைவை உணரும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. கலங்கிய நீரிலும் இருளிலும் கண்ணுக்குத் தெரியாத இரையை அக்கோட்டால் அது உணர்ந்து திரும்பும். மழைக்குப்பின் செம்மண் கரைந்த நீரில் இவ்விரை நன்கு பயன்படுவதற்குக் காரணம் இதுவே. தெளிந்த, குறைந்த நீரில் அதே ஒலி மீனை விரட்டிவிடவும் கூடும். அப்போது குண்டுகள் இல்லாத ஊமை இரையே மேல்.

தெரிந்தெடுக்கும் முறை

நிறத்தைப் பற்றியே பெரும்பாலோர் முதலில் விசாரிக்கின்றனர். அது கடைசியில் கவனிக்க வேண்டியது. முதலில் கவனிக்க வேண்டியது குளத்தின் ஆழமும் களையும். கிலுக்கு இரைகளில் பெரும்பாலானவை தானே மூழ்குபவை. எடை கூடக்கூட விரைவாய் அடியைத் தொடும். இடுப்பளவு நீருள்ள குளத்தில் கால் அவுன்ஸ், அதாவது சுமார் 7 கிராம் எடையே போதும். மடைக்கு முன்னுள்ள பள்ளம், அணைக்கட்டின் முகப்பு முதலிய ஆழமான இடங்களுக்கு அரை அவுன்ஸ், அதாவது சுமார் 14 கிராம் ஏற்றது. அதற்கு மேற்பட்டது நம் பக்கத்துக் குளங்களுக்கு அனேகமாய் வேண்டியதில்லை. நீளம் 2 முதல் 3 அங்குலம் இருந்தால், குளத்திலுள்ள கெண்டைக் குஞ்சுக்கும் சிறு சிலேபிக்கும் ஒத்திருக்கும். நீர் தெளிந்திருந்தால் வெள்ளி நிறமும், கலங்கியிருந்தால் பொன்னிறமும் கறுப்பும் பொருந்தும். இதற்குமேல் வண்ணங்களுக்காகப் பணம் செலவிடுவது கடைக்காரருக்கே இலாபம்.

தாமரையும் ஆம்பலும் அடர்ந்த குளத்தில் கிலுக்கு இரை அறவே உதவாது. ஆறு முனைகளும் தண்டில் மாட்டி, ஒவ்வொரு வீச்சுக்கும் ஓர் இரையை இழக்க நேரிடும். அவ்விடத்தில் முள் மேல்நோக்கி உடலோடு ஒட்டியிருக்கும் ரப்பர்த் தவளையே தகுந்தது. இலையின்மேல் அது வழுக்கி வரும். உயிருள்ள தவளைக்குப் பதில் இதை வழங்குவதில் பயிருக்கும் ஓர் ஆதாயம் உண்டு. வயலின் தவளை பூச்சியைத் தின்று பயிரைக் காப்பது; அதைச் சாக்குச் சாக்காகப் பிடித்துத் தூண்டிலில் கோப்பது நெற்பயிருக்குச் செய்யும் துரோகம். கிலுக்கு இரைக்குரிய இடங்கள் வேறு: மடைவாய், மறுகாலின் கீழுள்ள மடு, கரையின் கற்பதிப்பு ஓரம், வேலம்பாசி நீருக்குள்ளேயே நின்று மேலே ஓரடியாவது திறந்த நீருள்ள பரப்பு.

இரையோடு வரும் மும்முனை முட்களைக் கழற்றிவிட்டு, வாலில் ஒற்றை முள் ஒன்றை மட்டும் மாட்டுவது நலம். சில மீன்கள் தப்பும் என்பது உண்மையே. ஆயினும் களையில் சிக்குவது குறையும். மீனின் வாயும் கண்ணும் கிழிபடா. உயிரோடு விற்க வேண்டிய மீனுக்குக் காயம்பட்டால் அது தொட்டியில் புண் வைத்து மடியும். ஒற்றை முள்ளின் பலன் அப்போது தெரியும்.

சாரற் காலத்தில் இவ்விரைக்கு நம் வட்டாரத்தில் தனிச் சிறப்பொன்று உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று, குற்றாலத்தில் சாரலாய்ப் பொழிந்து, தென்காசிக்குக் கிழக்கே வெறும் காற்றாய் வீசுவதை யாவரும் அறிவர். அக்காற்றில் இலேசான தவளை இரையை எறிந்தால் எறிந்தவர் காலடியிலேயே விழும். கிலுக்கு இரை சிறிதாயினும் கனமுடையதாகையால் காற்றைக் கிழித்துச் செல்லும். மேலும் அலையடிக்கும் நீரில் கரைமேல் நிற்கும் ஆளின் நிழல் மீனுக்குத் தெரியாது. சிற்றாற்றுப் பாசனக் குளங்களில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் சேரும் காலமும் இதுவே. காற்று அலையைத் தள்ளும் கிழக்குக் கரையோரத்தில் சிறு மீன்கள் ஒதுங்கும். விராலும் அவற்றைத் தொடர்ந்து வரும்.

உபயோகிக்கும் முறை

இரையை முதலில் காலடியில் தெளிந்த நீரில் விட்டு, ஓரடி மூழ்க எத்தனை எண்ண வேண்டியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னர் எறிந்து, அந்த எண்ணிக்கையின்படி வேண்டிய ஆழத்துக்கு இறங்கவிட்டுச் சுருளைச் சுற்ற வேண்டும். கோல் நுனியில் துடிப்பு கையில் தெரியும்படியான மிகக் குறைந்த வேகமே சரியான வேகம். துடிப்பு நின்றால் இரையில் பாசி பற்றியிருக்கிறதென்று அறிக. வேலம்பாசியின் தலையை இரை உராயும்போது கோலை வெடுக்கென்று ஒரு முழம் உயர்த்தினால், இரை பாசியை அறுத்துக்கொண்டு மேலே தாவும். பயந்தோடும் குஞ்சென்று எண்ணி விரால் கவ்வுவது பெரும்பாலும் அந்தக் கணத்திலேதான். பின்னர்க் கோலைத் தாழ்த்தி இரையை மீண்டும் இறங்கவிட வேண்டும். இறங்கும்போது நரம்பு முற்றிலும் தளர்ந்துவிட்டால் மீன் கவ்வியது தெரியாமலே போகும்.

நரம்பு 20 முதல் 30 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பாக இருத்தல் வேண்டும். விராலுக்குப் பற்கள் கூர்மையானவை. ஆகவே இரைக்குமுன் ஒரு முழம் தடித்த நரம்பு இணைத்து, ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் அதை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பாயிருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாய்க் கட்ட வேண்டும்.

குஞ்சுகளைக் காக்கும் காலம்

இனி முக்கியமான விஷயம். புதுத்தண்ணீர் வந்து கரையோரப் புல் மூழ்கும் நாட்களில், விரால் சோடியாகச் சேர்ந்து, ஆழமற்ற இடத்தில் களையை விலக்கி வட்டமான வெளியொன்று உண்டாக்கும். அதில் இடப்படும் முட்டைகள் மிதப்பவை. ஓரிரு நாட்களில் பொரித்துவிடும். சில தினங்களில் செந்நிறக் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் ஒரே திரளாய்ச் சேர்ந்து, காற்றுக் குடிப்பதற்காக நீர்மட்டத்தில் மழைத்துளி விழுவதைப்போல் எழும்பி எழும்பி அடங்கும். பெற்ற மீன்கள் திரளின் கீழே நின்று வாரக்கணக்கில் காவல் செய்யும். அக்காலத்தில் அருகே வரும் தவளை, பாம்பு, மீன் எதுவாயினும் பாய்ந்து தாக்கும்.

குஞ்சுத் திரளின் நடுவே கிலுக்கு இரையை எறிந்தால் இரண்டு மூன்று வீச்சுகளில் மீன் பிடிபடுவது இதனாலேயே. அதற்குப் பசி காரணமன்று, தூண்டிற்காரனின் சாமர்த்தியமும் காரணமன்று. குஞ்சைக் காக்க வந்த மீன் வாயால் தள்ளிய பொருளில் முள் இருந்தது, அவ்வளவே. காவல் போன திரளைக் குரவையும் கெளுத்தியும் நீர்க்காகமும் ஓரிரு நாளில் தின்று தீர்த்துவிடும். ஆக, ஒரு மீனை விற்ற காசுக்கு ஓராண்டின் வித்து முழுவதும் போய்விடுகிறது. விதை நெல்லைக் குத்தித் தின்பவனை எந்தக் கிராமமும் விவசாயி என்று மதிப்பதில்லை. மேலே சொன்ன தோமான் மீனையும் குஞ்சுத் திரளைத் தேடிப்போய்ப் பிடிக்கும் வழக்கம் அந்நாடுகளில் உண்டு. பொறுப்புள்ள தூண்டிற்காரர் அங்கும் அதைக் கண்டிக்கின்றனர்.

இதற்குக் குத்தகைதாரர் சிலர் சொல்லும் ஆட்சேபம் ஒன்றுண்டு. கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை விலைகொடுத்து வாங்கி விட்டிருக்கும்போது, அவற்றைத் தின்னும் விராலை ஏன் காக்க வேண்டும் என்பதே அது. நியாயமான கேள்வி. பதில் குளத்தைப் பொறுத்தது. கெண்டைக் குஞ்சு வளர்க்கும் சிறு பண்ணைக் குட்டையில் விரால் ஒன்றுகூட இருத்தலாகாது. குட்டையை வற்றவிட்டுக் காயப்போட்டு, சேற்றில் ஒளிந்தவற்றையும் எடுத்துவிட்ட பின்னரே குஞ்சு விட வேண்டும். தூண்டிலை மட்டும் நம்பி அவ்வேலையைச் செய்ய முடியாது. நீர் நின்று வற்றும் பெரிய பாசனக் குளத்தின் நிலை வேறு. அங்கே விராலை ஒழிப்பது ஆகாத காரியம், ஆனாலும் நட்டமாகாது. விலையற்ற சில்லறை மீன்களைத் தின்று, கெண்டையினும் அதிக விலைக்குப் போகும் மீனாக அது மாறுகிறது. கெண்டைக் குஞ்சுகளை விரலளவினும் பெரியவையாகப் பார்த்து விடுவதும், அதற்கு முந்திய வாரங்களில் மடைவாயிலும் மறுகால் மடுவிலும் கிலுக்கு இரையால் பெரிய விரால்களைக் குறைப்பதுமே அங்கு ஏற்ற ஏற்பாடு. திரள் எழும்பும் மூலைகளில் கழி நட்டு அடையாளம் வைத்து, குஞ்சுகள் இரண்டங்குலம் வளர்ந்து பிரியும்வரை அங்கே தூண்டில் போடலாகாதென்று தெரிவிக்க வேண்டும். இதற்குச் செலவு நாலு கழிகளே. ஓரடிக்குக் குறைந்த விரால் பிடிபட்டால் திரும்ப விடுவதும் குத்தகைதாரருக்கே இலாபம்.

வெளியூரார் தூண்டில் போட வரும்போது, மீன்பாசிக் குத்தகை யாரிடம் இருக்கிறதோ அவருடைய அனுமதி பெற்றிருக்கிறார்களா என்று கிராம அதிகாரிகள் விசாரித்தல் வேண்டும். குற்றாலத்தின் மேல் காட்டிலாகா எல்லைக்குள் ஓடும் ஓடைகளிலும் மடுக்களிலும் அனுமதியின்றி மீன் பிடிப்பது குற்றமாகும். வெடி வைத்தும், நஞ்சிட்டும் மீன் கொல்வதை 1897-ம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுக்கிறது. தூண்டிற்காரர் கரையிலிருப்பது இத்தகைய செயலுக்கு ஒரு காவலாகவும் உதவும்.

அறுந்துபோன இரைகளைப் பற்றியும் குத்தகைதாரர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பின்னல் நரம்பு மட்குவதில்லை. கரையில் மேயும் மாட்டின் காலிலும் நீர்ப்பறவையின் சிறகிலும் சுற்றிக்கொள்கிறது. வெட்டிய துண்டுகளைச் சட்டைப்பையிலேயே கொண்டுபோக வேண்டுமென்று வருவோரிடம் கண்டிப்பாய்ச் சொல்லிவிடலாம். அடியில் சிக்கிய கிலுக்கு இரை அதைவிடப் பொல்லாதது. பங்குனி, சித்திரையில் குளம் வற்றி, வண்டல் எடுக்கவும் கடைசி மீன் அரிக்கவும் ஆணும் பெண்ணும் வெறுங்காலோடு சேற்றில் இறங்கும்போது, அந்த மும்முனை முள் அங்கேயே கிடக்கும். இரை அறுந்த இடத்தை அன்றே கரையில் ஒரு கல் வைத்துக் குறித்துக்கொண்டு, நீர் வடிந்ததும் முதல் ஆளாய் இறங்கி அதை எடுத்துவர வேண்டியது அறுத்தவருடைய பொறுப்பென்று அனுமதி கொடுக்கும்போதே பேசிக்கொள்வது நல்லது.