பாடம் 5: உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற படகைத் தெரிவுசெய்தலும் பராமரித்தலும்

சொந்த ஊருக்குத் திரும்பும் கடற்றொழில் குடும்பம் ஒன்றுக்கு, வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரிய சொத்து படகுதான். நல்ல படகு கிடைத்தால் அடுத்த நாளே அடுப்பு எரியும். பொருந்தாத படகு கிடைத்தால் அது கரையில் வெயில் காய்ந்து கிடக்க, நீங்கள் இன்னொருவரின் படகில் கூலிக்குப் போக வேண்டி வரும். ஆகவே படகை வாங்கவோ, உதவியாகப் பெற்றுக் கையொப்பமிடவோ முன் இந்தப் பாடத்தை வீட்டிலுள்ள எல்லோருமாக வாசியுங்கள்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையில் இலங்கையின் மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு அழிந்தோ சேதமடைந்தோ போயின. அதன் பின்னர் பல நிறுவனங்கள் அவசரமாகப் படகுகளை வழங்கின. அவற்றுள் பெரும்பாலானவை சிறிய பைபர் படகுகள். புதிது புதிதாகத் தோன்றிய கொட்டகைகளில் செய்யப்பட்ட சில படகுகள் தரம் குறைந்தவையாக இருந்ததை ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் உள்ளிட்ட பலரும் சுட்டிக்காட்டினர். சில இடங்களில் களப்பில் தொழில் செய்தவருக்குக் கடற்படகும், கடலுக்குப் போனவருக்குச் சிறு தோணியும் கிடைத்தன. கொடுத்தவரின் மனம் நல்லதுதான். ஆனால் “நீங்கள் எங்கே, எதைப் பிடிக்கிறீர்கள்?” என்ற கேள்வி முதலில் கேட்கப்படவில்லை. இன்று அந்தக் கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் நீரைப் பாருங்கள்

சீனன்குடாவைச் சுற்றி மூன்று விதமான நீர் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற படகு வேறு.

உள்துறைமுகமும் தம்பலகாமக் குடாவும்: அலை குறைவு. பல இடங்களில் ஆழமும் குறைவு. அடியில் சேறும் ஓரத்தில் கண்டலும் இருக்கும். நண்டு, இறால், சிறுமீன் தொழிலுக்கு இங்கே தோணியோ சிறு வள்ளமோ போதும். துடுப்பாலும் தாங்குகோலாலும் போகலாம். ஆழமில்லாத நீரில் இயந்திரம் ஓடினால், அது சேற்றை உறிஞ்சிக் குளிரூட்டும் குழாயை அடைத்துக்கொள்ளும்.

கொட்டியாரக் குடா: பார்வைக்கு அமைதியாக இருந்தாலும் இது வேறு நீர். குடாவுக்குள்ளேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று நுழைந்து வருகிறது. கரையிலிருந்து அதிகம் விலகாத இடத்திலும் நங்கூரம் தரை தொடாது. இயந்திரம் நின்றுபோனால் நங்கூரத்தை நம்பி நிற்க முடியாது. மகாவலி வந்து விழும் பக்கத்தில் மணல்திட்டுகள் இடம் மாறும். மழைக்காலத்தில் மரக்கட்டைகள் மிதந்து வரும். இங்கே தொழில் செய்ய பக்கம் உயர்ந்த 18 அடி பைபர் படகாவது வேண்டும்.

வெளிக்கடல்: துறைமுக வாய்க்கு அப்பாலும், வடக்கே நிலாவெளி, குச்சவெளிப் பக்கமும் வழிச்சல் வலை, தூண்டில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு 18 முதல் 23 அடி வரையான பைபர் படகு ஏற்றது. ஆனால் திறந்த கரையில் படகை ஒவ்வொரு நாளும் இழுத்து ஏற்ற வேண்டும். இழுக்க உங்கள் கரையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆள் இல்லாத கரையில் பெரிய படகு சுமையாகிவிடும்.

துறைமுக நீரில் கடற்படையின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் உள்ளன. நீங்கள் இடம்பெயர முன் தொழில் செய்த இடம் இன்றும் திறந்திருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். படகைத் தெரிவுசெய்ய முன் கடற்றொழில் பரிசோதகரிடமும் உங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடமும் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

2. காற்றையும் கணக்கில் எடுங்கள்

நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்று. வெளிக்கடல் கொந்தளிக்கும். சிறிய படகுக்கு அப்போது உள்துறைமுகமும் களப்புமே புகலிடம். புயல் ஆபத்தும் இந்தக் காலத்தில்தான். 2000ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் திருகோணமலைக் கரையைத் தாக்கிய புயலைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று. இது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் குளம் போல இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள். இயந்திரம் நின்ற படகை இதே காற்று வங்கக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். கரையிலிருந்து விலக விலக அலையும் வளரும்.

ஆண்டு முழுவதும் ஒரே படகால் எல்லா நீரிலும் தொழில் செய்ய முடியாது. உங்கள் வருமானத்தில் பெரும்பங்கு எந்த மாதங்களில், எந்த நீரிலிருந்து வருகிறதோ அதற்கேற்ற படகைத் தெரிவுசெய்யுங்கள்.

3. இயந்திரம்: பெரிதல்ல, போதுமானது

பலரும் அதிக குதிரைவலு கேட்கிறார்கள். முன்னதாக எரிபொருள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டடிப்பு வெளியிணைப்பு இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது, ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ அரை லீற்றர் குடிக்கும். அப்படியானால்:

• 8 குதிரைவலு: மணிக்கு ஏறத்தாழ 4 லீற்றர்
• 15 குதிரைவலு: மணிக்கு 7 முதல் 8 லீற்றர்
• 25 குதிரைவலு: மணிக்கு 12 லீற்றருக்கு மேல்

போய்வர இரண்டு மணித்தியாலம் என்றால் 8 குதிரைவலுவுக்கு 8 லீற்றர், 25 குதிரைவலுவுக்கு 25 லீற்றர். மீன் படாத நாளிலும் அந்தக் காசு போய்விடும். அதை ஈடுகட்ட மீன் வியாபாரியிடம் முற்பணம் வாங்கினால், பிறகு அவர் சொல்லும் விலைக்கே மீனைக் கொடுக்க வேண்டி வரும். பல குடும்பங்களின் கடன் இங்கேதான் தொடங்குகிறது. குடாவுக்குள் தொழில் செய்யும் 18 அடிப் படகுக்கு 8 குதிரைவலு பெரும்பாலும் போதும். முழு விசையில் ஓட்டாமல் சற்றுக் குறைத்து ஓட்டினால் செலவு நன்றாகக் குறையும்.

உதிரிப்பாகமும் திருத்துநரும் திருகோணமலையில் கிடைக்கும் வகை இயந்திரத்தையே கேளுங்கள். உங்கள் கரையில் மற்றவர்கள் வைத்திருக்கும் அதே வகையாக இருந்தால் அவசரத்துக்கு ஒருவருக்கொருவர் உதவலாம்.

4. கையொப்பமிட முன் பார்க்க வேண்டியவை

புதுப் படகானாலும் பழைய படகானாலும், அனுபவமுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

• நாணயம் ஒன்றால் படகின் உடம்பு முழுவதும் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஓசை நல்லது. மந்தமான ஓசை வந்தால் உள்ளே பைபர் படைகள் ஒட்டாமல் பிரிந்திருக்கலாம்.
• உள்பக்கத்தில் பைபர் நார் வெளியே தெரிகிறதா? தெரிந்தால் அந்த இடத்தில் ரெசின் போதவில்லை. நீர் ஊறும்.
• இயந்திரம் பூட்டும் பின்பலகையை இருவர் பிடித்து அசையுங்கள். வளைந்தாலோ வெடிப்பு இருந்தாலோ ஏற்க வேண்டாம். உள்ளே உள்ள மரம் உக்கியிருக்கலாம்.
• அணியத்திலும் பின்புறத்திலும் மிதவை அறைகள் உள்ளனவா, அவற்றில் நீர் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள்.
• முடிந்தால் இயந்திரம் பூட்ட முன், படகை நீரில் நிறுத்தி நீரால் நிரப்புங்கள். நீர் நிரம்பியும் மிதக்கும் படகுதான் கவிழ்ந்தால் பிடித்துக்கொள்ள உதவும் படகு.
• இயந்திரத்தை ஓட்டிப் பாருங்கள். குளிரூட்டும் நீர் பக்கத்துத் துவாரத்தால் தொடர்ச்சியாகப் பீச்ச வேண்டும்.

குறை இருந்தால் கையொப்பமிடாதீர்கள். குறையை எழுத்தில் தாருங்கள். உதவியாகத் தரும் பொருளில் குறை சொல்வது நன்றிகெட்ட செயலல்ல. அந்தப் படகில் கடலுக்குப் போகப்போவது உங்கள் பிள்ளைகள்.

ஊர் திரும்பியபோது உங்கள் பழைய படகு பற்றைக்குள் கிடப்பதைக் கண்டால் உடனே அருகே போய்ப் புரட்ட வேண்டாம். அந்த இடம் கண்ணிவெடி அகற்றப்பட்ட இடமா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டறிந்த பின்னரே தொடுங்கள்.

5. பராமரிப்பு

ஒவ்வொரு நாளும்

• கரை சேர்ந்ததும் இயந்திரத்தை நன்னீர் நிரப்பிய பீப்பாவில் 5 முதல் 10 நிமிடம் ஓட்டுங்கள். உள்ளே உப்பு தங்கினால் குளிரூட்டும் வழி அடைபடும். கிணற்று நீரோடு முடியும் வேலை இது. விட்டுவிட்டால் பெரும் திருத்தச் செலவு வரும்.
• மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரமானால், நிறுத்த முன் சில நிமிடம் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டுங்கள். அடுத்த நாள் இலகுவாகக் கிளம்பும்.
• எரிபொருளைத் துணி வைத்தோ வடிகட்டி வைத்தோ ஊற்றுங்கள். எண்ணெயில் கலந்த நீரே நடுக்கடலில் இயந்திரம் நிற்பதற்குப் பெரிய காரணம்.
• படகை மணலில் தரதரவென்று இழுக்காதீர்கள். உருளைக் கட்டையோ தென்னை மட்டையோ போடுங்கள்.

ஒவ்வொரு வாரமும்

• தீப்பொறிச் செருகியைக் கழற்றித் துடையுங்கள். இயந்திரத்தைப் பிடித்திருக்கும் திருகாணிகளை இறுக்குங்கள்.
• படகைக் கழுவி உள்ளும் புறமும் கீறல் பாருங்கள்.

100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை

• பற்சக்கரப் பெட்டி எண்ணெயை மாற்றுங்கள். (புது இயந்திரமானால் முதல் 10 மணித்தியாலத்தில் ஒருமுறை மாற்ற வேண்டும்.) வெளிவரும் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது. திருத்துநரிடம் காட்டுங்கள்.
• பெற்றோலோடு கலக்கும் எண்ணெயின் அளவு இயந்திரக் கையேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். மிச்சம் பிடிக்க எண்ணெயைக் குறைத்தால் இயந்திரம் இறுகிவிடும்.

வாடைக் காலத்தில்

படகைக் கரையில் உயர்த்திக் கவிழ்த்து வைத்து, கிடுகால் மூடுங்கள். வெயில் பைபரையும் கெடுக்கும். மரத் தோணியானால் கரையேற்றி நன்றாகக் காயவிட்டு, அடிப்பகுதிக்கு எண்ணெய் பூசுங்கள். நீரிலேயே கிடக்கும் மரத்தைக் கப்பல்புழு துளைத்துவிடும்.

சிறு திருத்தங்கள்

கீறலைச் சுற்றி உரஞ்சி, நன்னீரால் கழுவி, முழுமையாகக் காயவிட்ட பின்னரே ரெசினும் பைபர் மாட்டும் வையுங்கள். ஈரத்தின் மேல் வைத்தது ஒட்டாது. ஒரு கிலோகிராம் ரெசினுக்கு ஹாட்னர் 10 முதல் 20 மில்லிலீற்றர் போதும். கண்ணில் பட்டால் ஹாட்னர் பார்வையைப் பறிக்கும். கண்ணாடி அணியுங்கள். பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். ரெசினை விரைவாக இறுகச் செய்யும் ஊதா நிறக் கோபால்ட் திரவத்தை ஒருபோதும் ஹாட்னரோடு நேரடியாகக் கலக்காதீர்கள். தீப்பற்றி வெடிக்கும்.

6. படகில் எப்போதும் இருக்க வேண்டியவை

துடுப்பு இரண்டு, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, நீளமான கயிறோடு நங்கூரம், நீர் இறைக்கும் வாளி, ரோச் லைற், குடிநீர், உதிரித் தீப்பொறிச் செருகி, இயந்திரத்தைக் கிளப்பும் கயிறு, சிறு ஆயுதப்பை, உறையில் இட்ட கைத்தொலைபேசி.

புறப்பட முன் எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். காலநிலை பற்றி ஐயம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள். வலையில் வெடிபொருள் போன்ற எதுவும் சிக்கினால் அதைப் படகில் ஏற்றாதீர்கள். வலையை வெட்டிவிட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து பொலிசாருக்கோ கடற்படைக்கோ அறிவியுங்கள். வலையைத் திரும்ப வாங்கலாம்.

7. பதிவும் பங்கும்

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின்படி படகு பதிவுசெய்யப்பட வேண்டும். தொழில் செய்ய அனுமதிப்பத்திரமும் வேண்டும். பழைய பத்திரங்கள் இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் வெட்கப்படவோ தயங்கவோ வேண்டாம். கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடும் சங்கத்தின் உறுதிப்படுத்தலோடும் கடற்றொழில் பரிசோதகரைச் சந்தியுங்கள். பதிவில்லாத படகு தொலைந்தாலோ சேதமானாலோ அது உங்களுடையது என்று நிறுவுவது கடினம்.

இரண்டு குடும்பங்களுக்கு ஒரு படகு கிடைத்தால், முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்: யார் எந்த நாளில் போவது, எரிபொருள் யாருடையது, திருத்தச் செலவு எப்படிப் பிரிப்பது, ஒருவர் விலகினால் என்ன செய்வது. அண்ணன் தம்பியானாலும் எழுதுங்கள். எழுதி வைத்தால் உறவும் படகும் இரண்டும் நிலைக்கும்.

குடும்பத் தலைவியாக இருக்கும் சகோதரிகளே, கடலுக்குப் போக வீட்டில் ஆண் இல்லையென்பதற்காகப் படகு உதவியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. படகை உங்கள் பெயரில் பதிந்து, நம்பிக்கையான ஒருவரிடம் பங்குக்குக் கொடுக்கலாம். படகுப் பங்கு எவ்வளவு என்பதைச் சங்கத்தின் முன்னிலையில் எழுதுங்கள். அசல் பத்திரம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

மீன் விற்ற ஒவ்வொரு நாளும், பங்கு பிரிக்க முன் ஒரு சிறு தொகையைப் படகுக்கென எடுத்து வையுங்கள். படகும் ஒரு பங்காளிதான். அதன் பங்கைக் கொடுத்துவந்தால் இயந்திரம் பழுதான அன்று கடன் கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டி வராது.

குடும்பமாகக் கலந்து பேசுங்கள்

1. நாங்கள் ஆண்டில் எத்தனை மாதம், எந்த நீரில் தொழில் செய்வோம்?
2. படகை இழுத்து ஏற்ற நாள்தோறும் எத்தனை பேர் கிடைப்பார்கள்?
3. மீன் படாத ஒரு வாரம் முழுவதும் எரிபொருளுக்குக் காசு இருக்குமா?
4. எங்களுக்குப் பக்கத்தில் இந்த இயந்திரத்தைத் திருத்துபவர் யார்?
5. படகு யாருடைய பெயரில் இருக்கும்? பத்திரம் யாரிடம் இருக்கும்?

இந்த ஐந்துக்கும் விடையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு எமது கள உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். எந்தப் படகு வேண்டும் என்று நாங்கள் சொல்வதைவிட, காரணத்தோடு நீங்கள் சொல்வதே சரியாக இருக்கும். அந்தக் கடலை அறிந்தவர்கள் நீங்கள்தான்.