கற்ற மகளிர் சங்கமும் அதன் கடனும்

கலாசாலை வாழ்வு முடியுங்கால் தோழியர் பிரிதல் இயல்பே. ஒரே விடுதியில் உண்டு, ஒரே விளக்கொளியிற் பயின்ற நட்பு, பட்டமளிப்பு நாளோடு முடிந்துவிடுமோ? அன்றி, ஒரு சங்கமாய் உருவெடுத்துப் பிறர்க்கும் பயன்படுமோ? இவ்வினாவிற்கு விடை காணுமாறு இரு வரலாறுகளை ஈண்டு ஆராய்வோம்.

முன்னையது நமது காவிரி நாட்டோடு தொடர்புடையது. அந்நாளைய தஞ்சை ஜில்லாவிலிருந்த ரிஷியூரைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் 1886-ஆம் ஆண்டு தோன்றியவர் சுப்புலட்சுமி அம்மையார். இளம்பிராயத்திலேயே மணம் செய்விக்கப்பெற்று, சின்னாளிற் கைம்மையுற்றார். அக்காலத்தில் அந்நிலையுற்ற சிறுமிக்கு வீட்டின் மூலையே உலகம். எனினும் தந்தையார் சுப்பிரமணிய ஐயர் மகளைக் கற்பித்தார். கிறிஸ்தவக் கன்னியர் நடத்திய பள்ளியிலும் பயின்ற அம்மையார், 1911-ல் சென்னை மாநிலக் கல்லூரியிற் பட்டம் பெற்றார்.

அப்பட்டத்தை அவர் அணிகலனாகக் கொண்டாரல்லர். 1912-ல் சாரதா மகளிர் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்து மாதர் ஒருங்குகூடிச் சொற்பொழிவு கேட்டனர். சமூகக் குறைகளை ஆய்ந்தனர். இளங்கைம்பெண்களின் கல்விக்குப் பொருள் திரட்டினர். எழும்பூரில் நால்வரோடு தொடங்கிய விடுதி, பின்னர்க் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸுக்குப் பெயர்ந்தது. பெண்பள்ளிகளுக்கோ ஆசிரியைகள் கிடைத்திலர்; கைம்பெண்களுக்கோ பிழைக்க வழியில்லை. கைம்பெண்களை ஆசிரியைகளாக்கி இவ்விரு குறைகளையும் ஒருங்கே தீர்க்க முயன்றது அம்மையாரது நுண்ணறிவு. 1922-ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியின் முதல் தலைவியானார். உலகம் அவரைச் ‘சகோதரி’ என்றே அழைத்தது.

ஆயினும் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. அவ்விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கென்றே அமைந்தது. வைதிகரின் சினத்தைத் தணிக்க அவ்வரம்பு உதவியிருக்கலாம். நாற்று நட்டு வயிறு வளர்த்த கைம்பெண்ணுக்கோ அக்கதவு திறக்கவில்லை.

பின்னையது அமெரிக்க நாட்டது. 1908-ல் வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவியர் சிலர் ‘ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா’ என்னும் சகோதரியர் சங்கத்தைக் கண்டனர். பட்டம் பெற்று வெளியேறியோரும் தத்தம் ஊர்களிற் கிளைகள் அமைத்துத் தொடர்பைக் காத்தனர். 1935 முதல் 1942 வரை கோடைதோறும் அச்சங்கத்தார், டாரதி ஃபெரிபீ என்னும் வைத்திய அம்மையாரின் வழிகாட்டலில், மிஸ்ஸிஸிப்பி மாகாணத்து ஏழை உழவர்க்கு வைத்தியத் தொண்டு புரிந்தனர். நிலவுடையோர் தம் பருத்தி வயலில் உழைப்போரை வைத்திய நிலையத்திற்கு அனுப்ப மறுத்தபோது, தொண்டர் மனந்தளர்ந்தாரல்லர். மருந்துகளை மோட்டார் வண்டியிலேற்றி வயலுக்கே சென்றனர். குழந்தைகளுக்கு அம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசியிட்டனர்.

இவ்விரண்டையும் ஒப்புநோக்குங்கால் ஓருண்மை புலனாகும். சங்கத்தின் பெருமை அதன் உறுப்பினர் தொகையிலில்லை. உறுப்பினரல்லாதார்க்கு அதன் கதவு எவ்வளவு திறந்திருக்கின்றது என்பதிலேயே உள்ளது. வர இயலாதாரிடம் தானே செல்லும் சங்கம் அதனினும் சிறந்தது.

தோழியரே! நாமும் விரைவில் பழைய மாணவியராவோம். ஆண்டுக்கொருமுறை கூடி விருந்துண்டு பிரிவதற்கு ஒரு சங்கம் வேண்டுவதில்லை. நம் கல்லூரிக்கு அணித்தேயுள்ள சிற்றூரில், பள்ளி விட்டு வந்த சிறுமி, நடவுக்குச் சென்ற தாய் திரும்புமளவும் தம்பியை இடுப்பிலேந்தி வாயிலில் நிற்கின்றாள். அவள் புத்தகம் திண்ணையில் மூடியே கிடக்கின்றது. மாலைதோறும் நம்மில் இருவர் சென்று, ஒருவர் குழந்தையை வாங்கிக்கொள்ள, மற்றவர் புத்தகத்தைத் திறப்போமாயின், நமது சங்கம் அன்றே தோன்றியதாகும்.