ஆங் மோ கியோவிற்கு வரும் அரிய அந்துப்பூச்சி

இரவில் விளக்கொளியை நாடி வரும் அந்துப்பூச்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தடித்திருக்கும். அந்துப்பூச்சிக்கு அவ்வாறு இராது. இவ்வேறுபாட்டை முதற்கண் மனத்திற்கொள்க.

சிங்கப்பூரின் பெரிய அந்துப்பூச்சிகளுள் ஒன்று லிஸ்ஸா சாம்பா. விரித்த சிறகுகளின் அகலம் 16 சென்டிமீட்டர் வரை இருக்கும். பழுப்பு நிறச் சிறகுகளின் குறுக்கே வெண்பட்டை ஓடும். பின்சிறகுகளில் வால்போன்ற நீட்சிகள் உண்டு. இமயமலைப் பகுதி முதல் போர்னியோ வரை இவ்வினம் பரவியுள்ளது. எனினும், நம் நாட்டில் பெரும்பாலான ஆண்டுகளில் இதனைக் காண்பது அரிது. 2014ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களிலோ இவை பெருந்திரளாக வெளிப்பட்டன. தீவின் பல பகுதிகளிலும், அடுக்குமாடி வீடுகளின் சுவர்களிலும் மக்கள் இவற்றைக் கண்டு வியந்தனர்.

மற்ற ஆண்டுகளில் இவை எங்கே வாழ்கின்றன? காட்டில்தான். இதன் புழு எல்லாத் தழைகளையும் உண்பதில்லை. மலாய் மொழியில் செசெண்டோக் எனப்படும் எண்டோஸ்பெர்மம் மரத்தின் இலையே அதன் உணவு. மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனத்தில் அம்மரம் வளர்கிறது. நம் பேட்டைக்கு மேற்கே லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடும் அவ்வனத்தின் ஒரு பகுதியே. அங்குள்ள நடைபாதையோரம் பழைய ரப்பர் மரங்கள் இன்றும் நிற்கின்றன. கைவிடப்பட்ட தோட்டம் காலப்போக்கில் காடாகும் என்பதைத் தோட்டத்தில் உழைத்த பெரியோர் நன்கறிவர். அவ்வாறு மீண்டெழும் காட்டில் வளரும் இயல்புடையது செசெண்டோக்.

ஆங் மோ கியோ புதுநகரின் கட்டுமானம் 1973இல் தொடங்கியது. இன்று காட்டின் அருகிலேயே ஆயிரக்கணக்கான விளக்குகள் எரிகின்றன. அவ்வொளியால் ஈர்க்கப்பட்டே இப்பூச்சி நம் தாழ்வாரத்திற்கு வந்துவிடுகிறது. இது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. ஆதலின், பெற்றோர்களே, இதனைக் கண்டதும் துடைப்பத்தை எடுக்க வேண்டா. தேவையற்ற விளக்கை அணைத்துவிட்டால், இருளில் அது தன் வழியே பறந்து செல்லும்.

செசெண்டோக் மரம் நிற்கும்வரை இவ்வினம் நிற்கும். மரம் அழிந்தால் புழுவிற்கு உணவில்லை; 2014இல் கண்ட காட்சியும் மீண்டும் வாராது. ஆகவே, காட்டைக் காப்பதே இப்பூச்சியைக் காக்கும் வழியாகும்.

பயிற்சி: இப்பூச்சியைக் கண்டால் நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, ஆசிரியரிடம் காட்டுக.