1881-இல் எங்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள்?

கேள்வி: என் மகன் லண்டனில் வேலை பார்க்கிறான். அவனோடு பணிபுரியும் ஒருவர், 1881 சென்சஸ் தாளில் தன் பூட்டன் வீட்டிலிருந்த அத்தனை பேரையும் வயதோடு காட்டினாராம். அதே ஆண்டு இங்கேயும் கணக்கெடுத்தார்களே, எங்கள் வீட்டுத் தாள் எங்கே கிடைக்கும்?
– வாசகர், திமிரி

பதில்: கிடைக்காது ஐயா. 1881 பிப்ரவரி 17 அன்று திமிரியிலும் வீடு வீடாக எழுதினார்கள். ஆனால் எண்ணிக்கையைக் கூட்டி எடுத்ததும் அந்தத் தாள்களை அழித்துவிட்டார்கள். இங்கிலாந்து தன் மக்களின் தாள்களைக் காப்பாற்றி, நூறாண்டு கழித்துத் திறந்துவிட்டது. நம்மை ஆண்டபோது அதே அரசுக்கு நம் எண்ணிக்கை போதுமானதாக இருந்தது, பெயர் தேவைப்படவில்லை. இது நமக்கு நேர்ந்த பெரிய இழப்பு என்றே சொல்வேன்.

ஆனாலும் நிலம் இருந்த குடும்பம் தடம் இல்லாமல் போகாது. வரி வாங்க அரசுக்குப் பெயர் வேண்டுமே! பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் சர்வே எண், பரப்பு, தீர்வை, பட்டாதார் பெயர் எல்லாம் இருக்கும். உங்கள் முன்னோருக்கு மானிய நிலம் இருந்திருந்தால் இன்னும் நல்லது. 1860-களில் எழுதப்பட்ட இனாம் (மானிய) பதிவேட்டில் அனுபவதாரரின் பெயர், வயது, முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு, வாரிசு யார் என்பது வரை கேட்டு எழுதியிருக்கிறார்கள். இவற்றைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். வட ஆற்காடு மாவட்டம், ஆற்காடு தாலுகா என்று பழைய பெயரிலேயே கேட்க வேண்டும்; திமிரி இப்போது இருக்கும் ராணிப்பேட்டை மாவட்டம் 2019-இல்தான் பிறந்தது.

சென்சஸ் தாளுக்கு மிக அருகில் வருவது பாகப்பிரிவினைப் பத்திரம்தான். அண்ணன் தம்பி அத்தனை பேரும், தகப்பன் பெயரோடு, யாருக்கு எந்த நிலம் என்பதோடு வந்துவிடுவார்கள். பத்திரப் பதிவு 1865-இல் தொடங்கியது. பதிவு அலுவலகத்தில் ஆள் பெயருக்குத் தனி அட்டவணை உண்டு. பேரனுக்குத் தாத்தா பெயரிடும் வழக்கத்தால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும்; தகப்பன் பெயரையும் சேர்த்தே பாருங்கள்.

நிலமே இல்லாதவர்களைத் தேடுவதுதான் கடினம். அதில் ஒரு விலக்கு, கடல் கடந்தவர்கள். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகளாகப் போன ஒன்றரை லட்சம் பேரின் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, உடல் அடையாளம் வரை இருக்கின்றன. வட ஆற்காட்டிலிருந்து நிறையப் பேர் போனார்கள். உங்கள் வீட்டில் 'கப்பலேறிப் போனவர்' என்று யாரைப் பற்றியாவது பேச்சு இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

முதல் வேலையாக வீட்டிலிருக்கும் மிகப் பழைய பத்திரத்தைத் தேடியெடுத்து, அதிலுள்ள சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தாள் மடிப்பில் கிழியுமுன் ஒரு படமும் எடுத்துவிடுங்கள்.