தறிக்குழியும் எறும்புச் சாரையும்

புதிதாகத் தறியில் உட்காரும் பிள்ளைகளுக்கும், புது வீட்டில் அடுப்பு மூட்டியிருக்கும் பெண்களுக்கும், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஐம்பது வருஷம் தறியில் மிதி மிதித்தவன் சொல்வது:

1. வீட்டுக்குள் வரும் எறும்பு நாம் கூப்பிட்டுத்தான் வருகிறது. அதற்கான சோற்றை வெளியிலேயே வைத்துவிடுங்கள்.

2. கோலத்தை அரிசி மாவிலேயே போடுங்கள். கல்மாவு பளிச்சென்றுதான் இருக்கும். அதில் எறும்புக்கு என்ன இருக்கிறது? ஆனால் நிலைப்படியை ஒட்டிப் போடாதீர்கள். இரண்டடி தள்ளி, தெருப்பக்கமாகப் போடுங்கள். படிக்கு மஞ்சளும் காவியும் போதும்.

3. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுகிறோமே, இழைக்கு விறைப்பு தரும் அந்தக் கஞ்சி எறும்புக்கு விருந்து. நன்றாகக் காய்ந்த பிறகே பாவைச் சுருட்டுங்கள். கஞ்சிச் சட்டியையும் கஞ்சி தடவும் குச்சத்தையும் வெளியிலேயே கழுவுங்கள். மிச்சக் கஞ்சி மரத்தடிக்கு.

4. தறிமேல் டீ கூடாது. இளவயதில் அரக்குப் பாவின் ஓரத்தில் நான் ஒரு சொட்டு சிந்திவிட்டேன். துடைத்தேன், ஆனால் சர்க்கரை ஊறிவிட்டது. மறுநாள் காலை, பாவிழை நுழையும் விழுது வரைக்கும் சிற்றெறும்பு. பதறிப்போய்க் கையால் தட்டினேன். நசுங்கியதெல்லாம் கறையாக நின்றது, ஏழெட்டு இழையும் அறுந்தது. வாயால் மெல்ல ஊதியிருந்தால் போயிருக்கும். குழிக்குள் சோற்றுப் பருக்கை விழுந்தாலும் அப்படித்தான், மிதியில் இருக்கும் காலை வந்து கடிக்கும். சாயங்காலம் தறியை விட்டு எழும்போது குழியைப் பெருக்குங்கள்.

5. சாரையைத் துடைப்பத்தால் அடிப்பதில் பயனில்லை. இரை கண்ட எறும்பு, கூட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் வாசனையைத் தடவிக்கொண்டே போகிறது; மற்றவை அதை மோந்து வருகின்றன. எறும்பைக் கொன்றாலும் வாசனை தரையில் இருக்கும். சாரை எந்த ஓட்டையிலிருந்து வருகிறதென்று பொறுமையாகப் பின்தொடர்ந்து பாருங்கள். அப்புறம் வழியைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டு ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

6. எறும்புச் சாக்பீஸ் விஷம். தொட்டிலுக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

7. பால் சட்டியைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு வரும்.

8. ஐப்பசி மழைக்குப் புற்றில் தண்ணீர் ஏறினால், எறும்புகள் வெள்ளை வெள்ளையாகக் குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு சுவரேறும். அவை பிழைக்க ஓடுபவை. புரட்டாசியிலேயே சுவர் வெடிப்புகளைப் பூசிவிடுங்கள். கொல்லையில் மேடான இடமாகப் பார்த்து ஓர் உடைந்த தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். அடியில் குடியேறிக்கொள்ளும்.

9. செம்பருத்தியில் எறும்பு ஏறினால் இலையைத் திருப்பிப் பாருங்கள், மாவுப்பூச்சி இருக்கும். அது கசியும் இனிப்புக்காகத்தான் எறும்பு ஏறுகிறது. பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

10. ஏகாம்பரநாதர் மாமரத்தடியில் இருக்கிற ஊர் இது. நம் கொல்லைகளிலும் மாமரம் உண்டு. அதில் முசுறு எறும்பு கூடு கட்டினால் கொளுத்தாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். ஒருநாள் கிட்டே நின்று பாருங்கள். ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகி, இரண்டு இலைகளை இழுத்து ஓரத்தோடு ஓரம் சேர்க்கும். வளர்ந்த முசுறுக்கு நூல் வராது, புழுவுக்குத்தான் வரும். அந்தப் புழுவை வாயில் பிடித்து, இந்த இலைக்கும் அந்த இலைக்குமாக, நாம் நாடா ஓட்டுகிற மாதிரியே ஓட்டும். வெள்ளையாகப் பட்டு படியும். நம் தொழிலை நமக்கு முன்னாலிருந்து செய்கிற ஜாதி அது. மரத்தில் பூச்சியையும் அது பிடித்துத் தின்னும். கி.பி. 304 வாக்கில் எழுதியதாகச் சொல்லப்படும் சீன நூலிலேயே, ஆரஞ்சுத் தோட்டத்துக்கு இந்தக் கூடுகளை விலைக்கு வாங்கிய செய்தி இருக்கிறது.

அது வீட்டுக்குள் இறங்குவது கூரையைத் தொடும் கிளை வழியாகத்தான். அந்தக் கிளையைக் கழியுங்கள். கூடு அதே கிளையில் இருந்தால் வெட்ட வேண்டாம். பழைய தறிக்கயிற்றால் கிளையை மரத்தோடு இழுத்துக் கட்டி, கூரைக்கு எட்டாமல் விடுங்கள்.