நரகத்திற்கு முடிவு உண்டா?

நரகம் என்றவுடன் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையும் பாசக்கயிறு ஏந்திய எமதூதரும் நம் மனக்கண்முன் தோன்றுவர். துக்க வீட்டில் கருட புராணம் படிக்கக் கேட்டவர்க்கு அவ்வச்சம் இன்னும் மிகுதி. மறைந்த தம் தந்தைக்கோ தாய்க்கோ அந்நிலை என்றென்றும் தொடருமோ என்று அவர்கள் கலங்குவது இயல்பே. ஆதலின் நரகம் எங்குள்ளது என்னும் ஆராய்ச்சியை விடுத்து, அதற்கு முடிவு உண்டா என்பதையே இங்குச் சிந்திப்போம்.

பழந்தமிழில் நரகத்திற்கு நிரயம், அளறு என்னும் பெயர்கள் உண்டு. அளறு என்பது சேற்றையும் குறிக்கும். திருவள்ளுவரும் இச்சொல்லை ஆள்கிறார்.

பாகவத புராணம் ஐந்தாம் ஸ்கந்தத்தில் 28 நரகங்களை விரித்துரைக்கிறது. மனுநூல் கூறுவதோ 21. இவ்வெண்ணிக்கை வேறுபாடு பெரிதன்று. குற்றத்திற்கேற்ற தண்டனை என்னும் கருத்தே நோக்கத்தக்கது. சாட்சி சொல்லுமிடத்தும் கொடுக்கல் வாங்கலிலும் பொய் கூறியவன் அவீசி என்னும் நரகத்தில், நூறு யோசனை உயரமுள்ள மலையுச்சியினின்று தலைகீழாகத் தள்ளப்படுகிறான். கீழே நீர்போல் தோன்றுவது உண்மையில் கல். மெய்போல் தோன்றும் பொய்யைச் சொன்னவனுக்கு நீர்போல் தோன்றும் கல்! அவ்வாறு துன்புற்ற உயிரும், எஞ்சிய வினையோடு மீண்டும் பிறவி எய்தும் என்றே அப்புராணம் முடிக்கிறது.

சமணரும் ஏழு நரகங்களைக் கூறுவர். அங்கு வாழ்நாள் எண்ணற்கரிய நெடுங்காலம், எனினும் முடிவுடையது. மாறுபட்டு நிற்பவர் மத்வாசாரியர். உயிர்கள் இயல்பிலேயே மூவகைப்படும் என்றும், அவற்றுள் ஒருவகையினர் மீளா இருளையே அடைவர் என்றும் அவர் கொண்டார். வேதாந்த ஆசிரியர்களுள் இக்கொள்கை அவருக்கே சிறப்பாக உரியது. உயிர்களின் வேற்றுமையை முற்றிலும் மெய்யெனக் கொண்ட அவர் நெறிக்கு இது பொருந்துவதே. எனினும் துயருற்றார்க்கு இதனால் ஆறுதல் கிடைப்பது அரிது.

சைவ சித்தாந்தம் இவ்வினாவை வேறொரு வழியில் அணுகுகிறது. இறைவன் அருளே வடிவானவன் எனில் உயிர்களை ஏன் ஒறுக்கிறான்? அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதற்கு விடை கூறுகிறார். சொற்கேளாத மகனைப் பெற்றோர் அடிப்பதும், மருத்துவன் நோயுற்ற இடத்தை அறுத்துக் கீறுவதும் பரிவினாலன்றோ? நரகமும் அத்தகைய மருந்தே. இதனை மறக்கருணை என்பர். நோய் தீர்ந்தபின் மருத்துவனுக்குக் கத்தியால் வேலையில்லை.

மகாபாரதத்தின் இறுதிப் பருவத்தில் தருமர் விண்ணுலகு அடைகிறார். அங்கே துரியோதனன் சிறப்புடன் வீற்றிருக்கக் காண்கிறார். தம்பியரையும் திரௌபதியையும் காணவில்லை. அவர்களைத் தேடிச் செல்பவரைத் தேவதூதன் இருளும் துர்நாற்றமும் நிறைந்த வழியில் அழைத்துச் செல்கிறான். தாங்கமாட்டாமல் திரும்ப எண்ணும்போது, "சற்றே நில்லுங்கள், உங்கள்மேல் பட்டு வரும் காற்று எங்களுக்கு இதமளிக்கிறது" என்னும் பொருள்பட இருளிலிருந்து குரல்கள் எழுகின்றன. குரலுக்குரியவர் தம்மவரே என்று அறிந்ததும், தூதனை அனுப்பிவிட்டு அவர் அங்கேயே தங்கிவிடுகிறார்.

சிறிது நேரத்தில் இந்திரன் தேவர்களுடன் வருகிறான். நரகக் காட்சி மறைகிறது. துரோணரை அவர் மகன் இறந்ததாக மயக்கியமையால், தருமருக்கும் நரகம் மயக்கமாகக் காட்டப்பட்டது என்று இந்திரன் விளக்குகிறான். அரசர் யாவரும் ஒருமுறை நரகத்தைக் கண்டே ஆகவேண்டும் என்றும் கூறுகிறான். அதன்பின் தருமர் விண்ணகக் கங்கையில் நீராடி, மானுட உடலையும் பகைமையையும் அங்கே நீக்கினார்.